பில் போடும் எக்ஸ்பி கணினியும் மாறிப்போன நெட்வொர்க்கும்

ஈரோட்டில் சின்னக் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பது என் தொழில். இங்கே சில கடைகளில் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓடுகிறது என்றால் வெளியூர் நண்பர்கள் நம்புவதில்லை. 2001 அக்டோபரில் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் அது இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. மூட்டைக் கணக்கு, கமிஷன், ஏற்றுக்கூலி, சாக்குக்கான கழிவு என்று அந்த மண்டியின் வழக்கப்படியே யாரோ ஒருவர் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான ஃபாக்ஸ்ப்ரோ மொழியில் பில்லிங் எழுதிக் கொடுத்திருப்பார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பழைய டாஸ் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது. பின்பக்கம் பாரலல் போர்ட்டில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கார்பன் வைத்த தாளில் ஒரே அடியில் மூன்று காப்பி எடுக்க அதை விட்டால் வேறு வழி இல்லை. லேசர் பிரிண்டர் மேல்தாளில் மட்டும்தான் பதியும்.

இந்தக் கணினிகள் தானாகக் கெட்டுப்போவது குறைவு. எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். "ஏனுங்க தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க போயிட்டு இருந்துச்சு. இன்னைக்கு அந்த ரூம்ல இருக்கிற புது கம்ப்யூட்டர்ல இருந்து பில் ஃபோல்டரைத் தொறக்க முடியலீங்க. நாங்க ஒண்ணுமே பண்ணலீங்க." அவர்கள் சொல்வது உண்மை. அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. எக்ஸ்பியும் ஒன்றும் செய்யவில்லை. மாறியது மறுபக்கம்: புது விண்டோஸ் ஒரு அப்டேட் வாங்கிக்கொண்டது, ரவுட்டரை மாற்றினார்கள், எங்கோ ஒரு சான்றிதழ் காலாவதியானது. பழைய கணினியின் நெட்வொர்க் கோளாறைத் தேடும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதி நேரம் மிச்சம். பழைய கணினியை ஃபார்மட் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை. பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

நான் எப்போதும் கீழிருந்துதான் தொடங்குவேன். முதலில் நெட்வொர்க் கார்டின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. அப்புறம் கட்டளைகள் தட்டும் கருப்புத் திரையைத் திறந்து, கணினியின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளை. முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வரவில்லை, கணினி தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். மஞ்சள் முக்கோணமும் அதையேதான் சொல்லும். அந்த நிலையில் கடவுச்சொல்லையோ ஷேரையோ, அதாவது பகிர்ந்து வைத்த ஃபோல்டரையோ, தோண்டுவது வீண். கேபிள், ஸ்விட்ச், முகவரிகளைத் தானாகப் பங்கிட்டுத் தரும் ரவுட்டரின் டிஹெச்சிபி, இந்த மூன்றில் ஒன்றில்தான் பிரச்சினை. கடைகளில் பழைய கணினிக்கு நான் டிஹெச்சிபியை நம்புவதே இல்லை. கையால் ஒரு நிலையான முகவரி கொடுத்து, ரவுட்டர் அதை வேறு யாருக்கும் தராதபடி அதன் பட்டியலுக்கு வெளியே வைத்துவிடுவேன்.

பிங் போகிறது, அதாவது மறுமுனை இருக்கிறதா என்று கேட்டால் பதில் வருகிறது, ஆனால் ஃபைல் நகலெடுத்தால் நத்தை வேகம் என்றால் அது வேறு கதை. அந்தக் காலத்தில் ரியல்டெக் 8139 கார்டு இல்லாத கணினியை இங்கே பார்ப்பது அரிது. அதன் அமைப்பில் யாராவது எப்போதோ '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று கட்டாயமாக வைத்திருப்பார்கள். பழைய ஹப் இருந்த நாளில் ஏதோ காரணத்துக்காகச் செய்தது. இப்போது மறுமுனையில் இருக்கும் புது ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருக்கும். ஒரு பக்கம் பேரம் பேச மறுத்தால் மறுபக்கத்தால் வேகத்தைத்தான் கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் விதிப்படி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஒருவர் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்ய, மற்றவர் அதை மோதல் என்று எடுத்துக்கொள்வார். சின்ன பிங் தப்பித்துவிடும், பெரிய ஃபைல் மாட்டிக்கொள்ளும். கார்டையும் ஆட்டோவில் வைத்தால் தீர்ந்தது.

அடுத்த படி பெயர். நெட்வொர்க் ப்ளேசஸைத் திறந்தால் மற்ற கணினிகளின் படங்கள் வரிசையாக வரும் என்ற பழக்கம் எக்ஸ்பி காலத்து ஆட்களுக்கு இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரித்தது கம்ப்யூட்டர் பிரவுசர் என்ற சேவை. அது ஃபைல் பகிர்வுக்காகக் கணினிகள் பேசிக்கொள்ளும் பழைய எஸ்எம்பி1 நெறிமுறையின் மேல் நிற்பது. புது விண்டோஸில் எஸ்எம்பி1 போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. ஆகவே பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பெயரை விட்டுவிட்டு, ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக்கோடு (\\) போட்டு எண் முகவரியையும் ஷேரின் பெயரையும் தட்டிப் பாருங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் பெயர் தேடலில் மட்டும்தான் கோளாறு. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் எல்எம்ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால் முடிந்தது.

திறக்கவே இல்லை என்றால் சுட்டியைக் கீழே வைத்துவிட்டு, கருப்புத் திரையிலிருந்து ஷேரை இணைக்கும் நெட் யூஸ் கட்டளைக்கு வர வேண்டும். எக்ஸ்ப்ளோரர் சாளரம் எல்லாத் தவறுக்கும் ஒரே மாதிரி நீளமான மன்னிப்பைக் காட்டும். நெட் யூஸ் எண்ணைச் சொல்லிவிடும். 53 வந்தால் அந்தக் கணினியையே எட்ட முடியவில்லை. ஃபயர்வாலையும் முகவரியையும் பார்க்க வேண்டும். 67 வந்தால் கணினி கிடைத்துவிட்டது, ஷேரின் பெயர் தப்பு. 1326 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ ஒத்துவரவில்லை. 5 என்றால் உள்ளே விட்டார்கள், ஆனால் அந்த ஃபோல்டருக்கு அனுமதி இல்லை. 64 வந்தால், அதாவது 'குறிப்பிட்ட நெட்வொர்க் பெயர் இப்போது இல்லை' என்று வந்தால், நான் உடனே நெறிமுறையைத்தான் சந்தேகிப்பேன். என் தொழிலில் இந்தக் கடைசி எண்தான் அதிகம்.

அதற்குக் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாக்கி எல்லாம் தானாகப் புரியும். ஃபைல் பகிர்வுக்காக ஒரு கணினி இன்னொன்றை அழைக்கும்போது, எடுத்தவுடன் தனக்கு எந்தெந்த நெறிமுறைகள் தெரியும் என்று ஒரு பட்டியலை நீட்டும். மறுமுனை அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது மாதிரிதான் இது. இரண்டு பேருக்கும் அந்த விரல் கணக்கு தெரிந்தால்தான் பேரம் நகரும். எக்ஸ்பிக்குத் தெரிந்த மிகப் புதிய நெறிமுறை எஸ்எம்பி1. எஸ்எம்பி2 எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவோடு வந்தது, எஸ்எம்பி3 விண்டோஸ் 8 உடன் 2012இல் வந்தது. இவை இரண்டும் எக்ஸ்பிக்குக் கொடுக்கப்படவே இல்லை. புது விண்டோஸ் எஸ்எம்பி1 ஐ மறந்துவிட்டால், எக்ஸ்பி நீட்டும் பட்டியலில் அதற்குத் தெரிந்த ஒன்றுகூட இருக்காது. இணைப்பைத் துண்டித்துவிடும். பிங் அழகாகப் போய்க்கொண்டிருக்கும், போர்ட் திறந்திருக்கும், ஆனால் ஃபோல்டர் மட்டும் திறக்காது.

புது விண்டோஸ் ஏன் மறந்தது? 2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற புழு உலகம் முழுக்கப் பரவியது. எஸ்எம்பி1 ஐ விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆன எக்ஸ்பிக்கும்கூட அந்த மே மாதம் விதிவிலக்காக ஒரு திருத்தம் வந்தது. உங்கள் எக்ஸ்பியில் அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என்னைப் பொறுத்தவரை முதல் நாள் வேலை. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 சர்வர் பகுதி (தன் ஃபோல்டரைப் பிறருக்குத் தருவது) தானாக நிறுவப்படுவதில்லை. லினக்ஸ் பக்கத்தில், விண்டோஸோடு ஃபைல் பகிரும் மென்பொருளான சம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பில் எஸ்எம்பி1 ஐ இயல்பாக அணைத்துவிட்டது.

அந்த 1709இல் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஹோம், ப்ரோ பதிப்புகளில் எஸ்எம்பி1 கிளையன்ட் பகுதி (பிறர் ஃபோல்டரைத் திறப்பது) இருக்கும். ஆனால் மொத்தம் 15 நாள் யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும். கணினி அணைந்திருந்த நேரம் அந்த 15 நாளில் சேராது. தீபாவளி வியாபாரம் முடிந்து கணக்குப் பார்க்கிறவர் கொஞ்ச நாள் பில் ஃபோல்டரைத் திறக்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்து திறந்தால் திறக்காது. "ஒண்ணுமே பண்ணலீங்க" என்பது இங்கே அட்சரம் பிசகாத உண்மை. ஒன்றும் பண்ணாததால்தான் போயிற்று!

சரி, இதற்கு என்ன செய்வது? இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில், புது விண்டோஸில் 'விண்டோஸ் அம்சங்கள்' பட்டியலைத் திறந்து எஸ்எம்பி1 ஐ டிக் செய்யச் சொல்லும். செய்தால் வேலை செய்யும். நான் செய்வதில்லை, யாரையும் செய்யச் சொல்வதும் இல்லை. ஒரு பழைய கணினிக்காகக் கடையில் உள்ள எல்லாப் புதுக் கணினிகளின் கதவையும் 2017க்கு முந்தைய நிலைக்குத் திறந்து வைப்பது அது. அந்தப் புதுக் கணினிகளில்தான் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் இருக்கின்றன. எக்ஸ்பியில் இருக்கும் பில் டேட்டா போனால் நேற்றைய பேக்கப்பிலிருந்து எடுக்கலாம்; வங்கியில் இருக்கும் பணம் போனால் எங்கிருந்து எடுப்பது?

நான் செய்வது நடுவில் ஒரு சின்னக் கணினியை வைப்பது. ராஸ்பெர்ரி பை போதும், பழைய லேப்டாப்பும் போதும். அதில் லினக்ஸும் சம்பாவும். ஒரு நெட்வொர்க் முனை எக்ஸ்பிக்கு மட்டும், நேராக ஒரு கேபிள். மற்றொரு முனை, யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரோ வைஃபையோ, கடையின் நெட்வொர்க்குக்கு. ஒரு முனையிலிருந்து வருவதை மறுமுனைக்குக் கடத்தும் வேலையை அது செய்யாதபடி அணைத்துவிட வேண்டும். அப்போது எக்ஸ்பிக்கு இணையம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது, இணையத்துக்கும் எக்ஸ்பியைத் தெரியாது. சம்பாவில் ஒரே ஒரு ஃபோல்டர் பகிர்வு. குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1 (எஸ்எம்பி1க்குச் சம்பா வைத்த பெயர்) என்று வைத்தால் எக்ஸ்பி எஸ்எம்பி1இல் வந்து பேசும். புது விண்டோஸ் அதே ஃபோல்டரிடம் எஸ்எம்பி3இல் பேசும். இரண்டுக்கும் மற்றது இருப்பதைப் பற்றிக் கவலை இல்லை. பில்லிங் நிரல் இரவில் தன் டேட்டாவை அந்த ஃபோல்டருக்கு நகலெடுக்க ஒரு பேட்ச் ஃபைல். ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டியதைப் புதுக் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே கடவுச்சொல் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்பி இயல்பாக லேன் மேனேஜர், என்டிஎல்எம் என்ற பழைய முறைகளில்தான் தன்னை அடையாளம் காட்டும். அவை இரண்டும் உடைக்க எளியவை. இன்றைய சம்பா இயல்பாக அவற்றைவிட வலுவான என்டிஎல்எம்வி2 ஐ மட்டும்தான் ஏற்கும், அதனால் சரியான கடவுச்சொல்லுக்கும் 1326 வரும். உடனே சம்பாவைத் தளர்த்தச் சொல்லும் அறிவுரைதான் எங்கும் கிடைக்கிறது. தேவையே இல்லை. எக்ஸ்பிக்கு என்டிஎல்எம்வி2 நன்றாகத் தெரியும், யாரும் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் லேன் மேனேஜர் அங்கீகார நிலை என்ற வரியில் 'என்டிஎல்எம்வி2 மட்டும் அனுப்பு' என்று வைத்தால் போதும். எக்ஸ்பி ஹோமில் அந்தச் சாளரம் கிடையாது. ரெஜிஸ்ட்ரியில் எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல் என்ற மதிப்பை 3 ஆக்க வேண்டும். பழையதைப் புதியதின் அளவுக்கு உயர்த்த முடிகிற இடத்தில் புதியதை எதற்குத் தாழ்த்த வேண்டும்? இந்த ஒரு அமைப்பை எத்தனை பேர் தவறவிடுகிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. விண்டோஸ் 98க்குக்கூட டைரக்டரி சர்வீசஸ் கிளையன்ட் என்ற ஒரு கூடுதல் தொகுப்பைப் போட்டால் என்டிஎல்எம்வி2 வந்துவிடும்.

இனி இணையம். எக்ஸ்பியை இணையத்தில் விடாதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் ஏன் எதுவும் திறப்பதில்லை என்று கேட்பவர்களுக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். "நெட்டு இருக்குது, ஆனா எந்தப் பக்கமும் வரமாட்டேங்குதுங்க" என்றால் நான் முதலில் பார்ப்பது வலது கீழ்மூலையில் இருக்கும் தேதியை. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி, 3 வோல்ட், தீர்ந்துபோனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் 2002க்கோ 2003க்கோ போய் நிற்கும். பாதுகாப்பான இணையதளம் தன் சான்றிதழை நீட்டும். அது இன்னும் இருபது வருடம் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்று கணினி கணக்குப் போட்டு மறுத்துவிடும். 'இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்' என்ற பொத்தானை அழுத்தினாலும் எக்ஸ்பி கேட்காது. தேதியே வித்தியாசமாக இருந்தால் பாதுகாப்புக்காகச் சரிசெய்ய மாட்டேன் என்று சொல்லிவிடும். முதலில் கையால் தேதியை மாற்ற வேண்டும், அப்புறம்தான் அது மணியைச் சரிசெய்யும். இந்த பேட்டரி என் பையில் எப்போதும் இருக்கும். பில்லில் தப்பான தேதி விழுந்தால் கணக்கில் வரும் குழப்பத்துக்கு இணையம் தேவையே இல்லை.

தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் அது டிஎல்எஸ், அதாவது இணையதளத்தோடு நடக்கும் பேச்சை மறையாக்கும் நெறிமுறை. எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் விண்டோஸின் சொந்த மறையாக்கத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதற்குத் தெரிந்தது 1999இல் வந்த டிஎல்எஸ் 1.0 வரை. 1.0, 1.1 இரண்டையும் கைவிடச் சொல்லி 2021 மார்ச்சில் இணையத் தரநிலை அமைப்பு அறிவித்துவிட்டது. எக்ஸ்பிக்குத் தெரிந்த ஆர்சி4 என்ற மறையாக்கம் அதற்கும் முன்பே, 2015இல், தடைசெய்யப்பட்டது. இன்னொன்று: ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்கும்போது எந்தத் தளம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் வசதி எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குக் கிடையாது. அதனால் சர்வர் வேறு யாருடைய சான்றிதழையோ எடுத்துக் கொடுக்கும். போதாததற்கு, பல தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30ஆம் தேதி காலாவதியானது. புது மூலம் பட்டியலில் சேராத எக்ஸ்பி அந்தச் சான்றிதழ்களை நம்பாது. அன்றைக்கு உலகம் முழுக்கப் பழைய சாதனங்கள் ஒரே நாளில் முரண்டு பிடித்தன.

ஃபயர்ஃபாக்ஸ் 52 இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தாண்டிவிடும். மறையாக்கத்தையும் நம்பிக்கைப் பட்டியலையும் விண்டோஸிடம் கடன் வாங்காமல் அது தானே சுமந்து வருவதுதான் காரணம். ஆனால் எக்ஸ்பிக்கான கடைசிப் பதிப்பு அதுதான், 2018க்குப் பிறகு அதற்கும் திருத்தம் இல்லை. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஒரு டிரைவரை இறக்குவதற்கு அது சரி. வங்கி வேலைக்கு ஒருபோதும் இல்லை.

மின்னஞ்சல் கிளையன்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இன்றைய சர்வர்களோடு பேசாது, அதே டிஎல்எஸ் காரணம்தான். பழைய கடிதங்கள் அதற்குள் மாட்டியிருந்தால் தண்டர்பேர்டுக்கு மாற்றி எடுத்துக்கொண்டு, கணக்கைப் புதுக் கணினிக்கோ கைபேசிக்கோ நகர்த்திவிடுங்கள்.

ஃபைல்களை அனுப்பி வாங்கும் பழைய முறையான எஃப்டிபியில் ஒரு தனி விசேஷம். எக்ஸ்பியின் கருப்புத் திரையில் வரும் எஃப்டிபி கட்டளை உள்ளே நுழைந்துவிடும், கடவுச்சொல்லையும் ஏற்கும், பட்டியல் கேட்டால் அப்படியே நின்றுவிடும். அதற்கு ஆக்டிவ் முறை மட்டும்தான் தெரியும்: டேட்டாவுக்கான இணைப்பை சர்வர் திரும்ப இந்தப் பக்கம் போட வேண்டும். நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ ரவுட்டரோ அதை உள்ளே விடாது. டேட்டா இணைப்பையும் இந்தப் பக்கத்திலிருந்தே போடும் பாசிவ் முறை தெரிந்த ஒரு பழைய கிளையன்ட்டைப் போட்டால் தீரும்.

வைரஸ் நீக்கியபின் வரும் ஒரு வினோதமும் உண்டு. பிங் போகும், முகவரி சரி, ஆனால் எந்த நிரலாலும் இணைக்க முடியாது. அந்தக் காலத்து வேண்டாத மென்பொருள்கள் பல, நிரலுக்கும் நெட்வொர்க்கில் டேட்டாவை அனுப்பும் டிசிபி அடுக்குக்கும் நடுவில் இருக்கும் வின்சாக் என்ற சங்கிலியில் தங்களை ஒரு கண்ணியாகச் செருகிக்கொள்ளும். கோப்பை மட்டும் அழித்தால் சங்கிலி அறுந்து தொங்கும். சர்வீஸ் பேக் 2 போட்ட எக்ஸ்பியில் நெட்ஷெல் கட்டளையில் வின்சாக் ரீசெட் கொடுத்து ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் சங்கிலி புதிதாகக் கட்டப்படும். முழுதாக மீண்டும் நிறுவச் சொல்லிப் பணம் கேட்கும் இடங்களில் இந்த ஒரு வரியை முதலில் செய்து பாருங்கள்.

பிரிண்டருக்கு வருகிறேன். இதுவும் நெட்வொர்க் கிளையன்ட் வேலைதான் என்று பலருக்குத் தோன்றாது. ஃபாக்ஸ்ப்ரோ பில் நேராக எல்பிடி1 என்ற பாரலல் போர்ட்டுக்கு எழுத்துகளை அனுப்பும். மதர்போர்டில் பாரலல் போர்ட் செத்துப்போனால், யுஎஸ்பி உள்ள டாட் மேட்ரிக்ஸ் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். விண்டோஸில் டெஸ்ட் பேஜ் அழகாக வரும், பில் மட்டும் வராது. யுஎஸ்பி பிரிண்டர் எல்பிடி1இல் உட்காருவதில்லை. டாஸ் நிரலுக்கு யுஎஸ்பி தெரியாது. இதற்கு விண்டோஸின் நெட்வொர்க் கிளையன்ட்டே மருந்து. பிரிண்டரை அதே கணினியில் ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1 ஐ அந்த ஷேரோடு கட்டி, நிரந்தரமாக இருக்கச் சொல்ல வேண்டும். டாஸ் நிரல் எல்பிடி1 என்று நினைத்து எழுதுவதை விண்டோஸின் ரீடைரக்டர் என்ற பகுதி பிடித்துப் பிரிண்டருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். கணினி தன்னோடு தானே நெட்வொர்க் பேசுகிறது. ஆகவே கேபிள் கழன்றால் நெட்வொர்க்கும் போய்விடும், பிரிண்டும் நின்றுவிடும்! அதற்கு மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டர் என்ற கற்பனைக் கார்டை 'வன்பொருள் சேர்' வழியாக நிறுவி ஒரு முகவரி கொடுத்துவிட்டால், கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பில் வரும்.

பழையதைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்வது எளிது. அந்த மண்டிக்காரருக்கு அந்த நிரல் அவருடைய தொழிலின் கணக்கு முறை. மார்க்கெட்டில் கிடைக்கும் எந்தப் பில்லிங்கும் அவருடைய கமிஷனை அவர் போடுகிற விதத்தில் போடாது. ஆனால் அந்த ஹார்டு டிஸ்க் என்றைக்காவது நிற்கத்தான் போகிறது. அதனால் ஒரு கடைக்குள் முதல் தடவை போகும்போதே, எதையும் தொடுவதற்கு முன் அந்தப் பழைய ஐடிஇ வகை டிஸ்க்கை முழுமையாக நகலெடுத்து வைத்துவிடுகிறேன்.

அந்த நகலைப் புதுக் கணினியில் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் ஒரு கற்பனைக் கணினியாக, ஓட்டுவதுதான் இப்போது நான் மண்டிகளுக்குப் பரிந்துரைக்கும் வழி. முதல் தடவை ஏற்றும்போது நீலத் திரையில் 7பி என்று நிற்கக்கூடும். டிஸ்க் கன்ட்ரோலர் மாறிவிட்டதால் வருவது அது. பழைய கணினியிலேயே பொதுவான ஐடிஇ டிரைவருக்கு மாற்றிவிட்டு அப்புறம் நகலெடுத்தால் வராது. நெட்வொர்க்கை 'பிரிட்ஜ்' முறையில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் எக்ஸ்பி மறுபடியும் கடை நெட்வொர்க்கில் நேராக வந்து உட்கார்ந்துவிடும். தன்னை ஓட்டும் கணினியோடு மட்டும் பேசவிடும் 'ஹோஸ்ட் ஒன்லி' போதும். விர்ச்சுவல் பாக்ஸில் உள்ள ஷேர்டு ஃபோல்டர் வசதி எஸ்எம்பி வழியாகப் போவதில்லை, தனக்கென்று ஒரு ரீடைரக்டரை எக்ஸ்பிக்குள் போட்டுக்கொள்கிறது. ஆகவே நடுவில் வைத்த ராஸ்பெர்ரி பைக்கும் வேலை இல்லாமல் போகிறது. அதைக் கழற்றி அடுத்த கடைக்கு எடுத்துப் போகலாம். பிரிண்டரின் யுஎஸ்பியை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொடுத்துவிட்டு, மேலே சொன்ன எல்பிடி1 கட்டு. பழைய கணினியையும் கொஞ்ச நாள் பக்கத்திலேயே வைத்து, ஒரே பில்லை இரண்டிலும் போட்டுக் கூட்டுத்தொகையையும் தாளில் விழும் வரிகளையும் ஒப்பிடச் சொல்கிறேன். இரண்டும் ஒத்துப்போகிறது என்று கணக்குப்பிள்ளை சொன்ன பிறகுதான் பழையதின் பிளக்கைக் கழற்றுவது.